வெட்டுவதற்கு முன் பேசுவோம்: கண்மாய்க் குழு நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் கண்மாய்களுக்காக உழைக்கும் எல்லாக் குழுக்களுக்கும் இதை எழுதுகிறேன். நானும் அப்படி ஒரு சின்னக் குழுவில் இருப்பவன். சீமைக் கருவேலத்தை ஒழிக்கச் சொல்லி எல்லாரும் சேர்ந்து அரசுக்கு மனுக் கொடுக்கலாம் என்று மறுபடியும் பேச்சு வந்திருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த மனுவில் இருக்கும் நிலைப்பாட்டை நாம் எப்படி எட்டினோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. கண்மாய்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. அந்த வேதனையில்தான் வாட்ஸ்அப் செய்திகள் வந்தன: இந்த மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறது, இதன் நிழலில் கட்டிய மாடு மலடாகிறது என்று. 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மரங்களை அகற்ற உத்தரவிட்டது. ஏப்ரலில் அதற்கு இடைக்காலத் தடை வந்தது. அதற்குள் ஊர் ஊராக வெட்டு நடந்து முடிந்திருந்தது.

எங்கள் ஊரிலும் நடந்தது. ஒரே மாலையில் பேசி முடித்து, மறுவாரம் பொக்லைன் கொண்டுவந்தோம். கரையோரத்து மரங்களை வேரோடு இழுத்ததில் கரை இளகிப்போனது. பணம் தீர்ந்ததும் மீதியை முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டோம். அடுத்த மழைக்கு ஒவ்வொரு கட்டையிலும் ஏழெட்டுக் கிளைகள் துளிர்த்தன. வெட்டிய கட்டை தழைக்கும் என்பது இந்த மரத்தை எரித்துக் கரியாக்க மூட்டம் போடும் எவருக்கும் தெரியும். அவர்களைத்தான் நாங்கள் கேட்கவே இல்லை. மூட்டம் போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒரு அம்மா, மரத்தை எடுத்தபிறகு எங்களுக்கு என்ன வழி என்று பிறகு கேட்டார். எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது.

அந்த மரத்துக்காக நான் வாதாட வரவில்லை. வரத்துக் கால்வாய்களை அது அடைத்துவிடுகிறது, புதராக மண்டி நாட்டு மரங்களை எழவிடாமல் செய்கிறது. இதெல்லாம் நாம் கண்ணால் பார்ப்பது. மழையை அது தடுத்தது என்பது அப்படியில்லை. அந்த ஆண்டு மழை பொய்த்தது மாநிலம் முழுக்க. ஒரு மரத்தால் அது நடக்காது. பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் ஒரே மனுவில் கலந்தால், ஒரு அதிகாரி பொய்யை மட்டும் சுட்டிக்காட்டி உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிட முடியும்.

பக்கத்துக் கேரளத்தில் சைலன்ட் வேலி மழைக்காட்டில் மின்சாரத்துக்காக அணை கட்டும் திட்டத்தை எதிர்த்தபோது, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் எடுத்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். காடு வேண்டும் என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. தாவரவியலாளர், பொறியாளர்கள், வேளாண் அறிஞர், பொருளியலாளர் என ஐந்து பேர் உட்கார்ந்து திட்டத்தை அலசி 1979-இல் அறிக்கையாக எழுதினார்கள். வட கேரளமான மலபாருக்கு மின்சாரம் தேவை என்பதை அவர்கள் மறுக்கவில்லை. அதை வேறு எப்படிக் கொடுக்கலாம் என்று கணக்கோடு சொன்னார்கள். 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது, மறு ஆண்டு அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது.

நம்மிடம் ஐந்து நிபுணர்கள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஆடு மேய்ப்பவர் இருக்கிறார். சீமைக் கருவேல நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கை வழியாகத்தான் விதை பரவுகிறது, அதே நெற்றுதான் கோடையில் ஆட்டுக்குத் தீனி என்று இரண்டையும் அவரால் சொல்ல முடியும். பறவைகளைக் கவனிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இராமநாதபுரம் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான மேலச்செல்வனூர் பக்கம் நாரைகளும் கொக்குகளும் நாட்டுக் கருவேலத்தோடு சீமைக் கருவேலத்திலும் கூடு கட்டுகின்றன. அப்படியானால் எந்த மாதம் வெட்டுவது, கூடுள்ள மரத்தை என்ன செய்வது? இதற்கு மனுவில் ஒரு வரியாவது வேண்டாமா? அப்புறம், யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் நீர்வளத் துறையுடையது, அதற்குக் கீழ் உள்ளது ஊராட்சி ஒன்றியத்துடையது. இது தெரியாமல் நாங்கள் ஒரு வருடம் தவறான அலுவலகத்துக்கு அலைந்தோம்.

2022-இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. களையை எடுப்பதோடு நிற்காமல், அந்த இடத்தின் சூழலை மீட்பதும் அதில் பேசப்படுகிறது. நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் அதுதான். எடுத்த இடத்தில் என்ன நடுவோம், ஐந்து வருடம் யார் முளைகளைப் பிடுங்குவார்கள், மரம் விற்ற பணம் எங்கே போகும், கரி போடும் குடும்பங்களுக்கு எத்தனை வருட அவகாசம்? இவற்றை எழுதாத மனுவில் என்னால் கையெழுத்திட முடியாது.

எங்கள் குழு ஒரு வரைவு எழுதத் தொடங்கியிருக்கிறது. ஒத்துக்கொள்ளாதவர்களின் காரணமும் அவர்கள் சொன்னபடியே அதன் கீழே எழுதப்படும். அக்டோபர் 2 கிராம சபையில் அதை வாசிப்பதற்கு முன், கண்மாய்க் கரையிலேயே ஒரு முறை உட்காரப் போகிறோம். கரி போடுபவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வேலை முடிந்து வர வேண்டும் என்பதால் சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்திருக்கிறோம். உங்கள் குழுவிலிருந்தும் ஒருவர் வாருங்கள்.

அன்புடன்,
ஒரு கண்மாய்க் குழு உறுப்பினர்