குப்பைக் கணக்கு: ட்ரோனைவிட நடை முக்கியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் குப்பை கொட்டும் இடங்களை வரைபடமாக்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். முக்கால்வாசி இடத்தை ட்ரோனே பிடித்துக்கொண்டது. அந்த நகரில் வேலையின் பெரும்பங்கு கால்நடையாகச் செய்வது.

அங்கே மாநகரக் குப்பை போய்ச் சேரும் இடம் புகு கின்யாம்வேசி. நகர மையத்திலிருந்து வெகுதூரம். அந்தக் குப்பை மலையைக் கண்டுபிடிக்க வரைபடம் எதற்கு? தூரத்தால் லாரிகளின் நடை குறைகிறது. லாரி நுழையாத சந்துகளில் தள்ளுவண்டியில் எடுக்கும் குப்பை பக்கத்து வாய்க்காலிலோ ம்சிம்பாசி ஆற்றங்கரையிலோ இறங்கிவிடுகிறது. மழை பெய்தால் மதகை அடைப்பது அதுதான். தேட வேண்டியவை இந்தச் சிறு குவியல்கள். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டமே 10 மீட்டருக்கு 10 மீட்டர். 6 மீட்டர் குவியல் அதில் கரைந்துபோகும். ட்ரோன் அதைக் காட்டும், ஆனால் பாலத்தடியிலும் மரத்தடியிலும் கிடப்பதைக் காட்டாது.

2015-ல் தொடங்கிய 'ராமனி ஹூரியா' (ஸ்வாஹிலியில் 'கட்டற்ற வரைபடம்') திட்டம் மாணவர்களையும் குடியிருப்பவர்களையும் கொண்டு தெரு, வீடு, வடிகால் எல்லாவற்றையும், யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றியது. அடித்தளம் தயார். அதன்மேல் குப்பை அடுக்கை ஏற்றும்போதுதான் தவறுகள் நுழைகின்றன.

முதல் தவறு இடக்குறிப்பு. தகரக் கூரைகள் நெருங்கிய சந்தில் கைபேசி ஜிபிஎஸ் 15, 20 மீட்டர்கூடத் தள்ளிக் காட்டும். குவியல் வாய்க்காலின் எந்தக் கரையில் என்பதே மாறிவிடும். கைபேசியில் களத்தகவல் சேகரிக்கும் கோபோ அல்லது ஓடிகே செயலியின் படிவத்தில் ஜிபிஎஸ் பிழை 5 மீட்டருக்குள் இறங்கும்வரை நிற்க வேண்டும். இறங்காவிட்டால் வான்படத்தைப் பின்னணியில் வைத்து விரலால் குறிப்பது மேல். 3 மீட்டருக்கு மேல் நீளமுள்ள குவியலுக்குப் புள்ளி போதாது, சுற்றி நடந்து எல்லை வரைய வேண்டும்.

அடுத்தது கொள்ளளவு. 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், உச்சி உயரம் 1.2 மீட்டர் என்றால் பலரும் பெருக்கி 28.8 கனமீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். குவியல் பெட்டியல்ல, பிரமிடு போல மேலே குறுகுவது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, 9.6 கனமீட்டர்தான். ஈரக்குப்பை கனமீட்டருக்குச் சுமார் 300 கிலோ என்று கொண்டால் 3 டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஒரு லாரி போதுமான இடத்துக்கு மூன்று லாரி கேட்கும் பட்டியல் இப்படித்தான் உருவாகிறது. வாய்க்காலுக்குள் கிடந்தால் கம்பியை அடித்தளம்வரை குத்தி ஆழம் பார்க்க வேண்டும். மேலே தெரிவது கொஞ்சம்தான். தீ வைத்த இடத்தில் குவியல் சுருங்கியிருக்கும். சாம்பலைப் பார்த்து 'சிறியது' என்று குறித்தால், தினமும் கொட்டும் இடம் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். ஆகவே 'எரிக்கப்பட்டதா' என்ற கேள்வி படிவத்தில் கட்டாயம். லாரி எவ்வளவு அருகே வர முடியும், வடிகால் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது, கடைசியாக யார் எப்போது அள்ளினார்கள் என்பவையும் வேண்டும். புகைப்படத்தில் 1 மீட்டர் கோல் தெரியட்டும், ஆள் முகம் வேண்டாம். கொட்டுகிறவரைப் பிடிக்க வந்த கணக்கு என்று தோன்றினால் மறுநாள் யாரும் வழிகாட்ட மாட்டார்கள். 'ம்டா' எனப்படும் குறுவட்டத் தலைவரை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

கடற்கரைக்குத் தனிக் கணக்கு. அங்கே பெரிய ஓதத்தில் நீர்மட்டம் 3 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வற்றும் நேரத்தில் போய், ஏற்றக் கோட்டுக்குக் கீழே கிடப்பதைத் தனி வகையாகக் குறிக்க வேண்டும். அது அங்கே கொட்டியதல்ல, ஆறும் அலையும் கொண்டுவந்தது. அள்ளினாலும் திரும்ப வரும்.

இந்தத் தற்காலிகக் குவியல்களை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றக்கூடாது. நிலையான கிடங்கும் சேகரிப்பு மையமும் மட்டுமே அதற்குரியவை. மற்றவை தேதியுடன் தனி அடுக்கில் இருக்கட்டும். மார்ச் முதல் மே வரையான 'மசிகா' மழைக்கு முன் பிப்ரவரியில் ஒருமுறை, அக்டோபரில் 'வூலி' மழை தொடங்குமுன் ஒருமுறை அளக்க வேண்டும். அச்சிடும் தாளின் மூலையில் அளந்த தேதியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். மூன்று மாதம் கடந்த தாளை நம்பி லாரி அனுப்பினால் அது காலியிடத்தில் போய் நிற்கும்.

இப்படிக்கு,
வரைபடத் தன்னார்வலர்கள் சிலர்,
சென்னை