காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பேச்சுப் போட்டி, அறிவியல் கண்காட்சி, சதுரங்கம் எல்லாவற்றிலும் நம் பிள்ளைகள் கலந்துகொண்டு பெருமை சேர்த்தார்கள். பரிசு பெற்றவர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளன. குறுவட்டக் கால்பந்தில் அணி அரையிறுதி வரை சென்றது. அனைவருக்கும் பாராட்டுகள்.

அந்தக் கால்பந்தைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

கால் படாமலேயே விழுவது, தோளில் இடித்தால் முகத்தைப் பொத்திக்கொண்டு புரள்வது, விசில் ஊதியதும் துள்ளி எழுந்து ஓடுவது எல்லாம் நம் பிள்ளைகளிடமும் வந்துவிட்டன. எங்கே கற்றார்கள் என்று தேட வேண்டியதில்லை. 2002 உலகக் கோப்பையில் துருக்கியின் ஹக்கான் உன்சால் உதைத்த பந்து பிரேசிலின் ரிவால்டோவுக்குக் காலில்தான் பட்டது. அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். உன்சால் வெளியே அனுப்பப்பட்டார், பிரேசில் 2-1 என்று வென்றது. ரிவால்டோவுக்கு அபராதம் பிறகுதான் வந்தது. அந்த ஆண்டுக் கோப்பையும் பிரேசிலுக்கே. பிள்ளைகள் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள்.

ஆனால் அது பழைய கணக்கு. இங்கிலாந்தில் 2017இல், நடித்துப் பெனால்டி வாங்கியது பிறகு வீடியோவில் உறுதியானால் இரண்டு ஆட்டத் தடை என்று விதி கொண்டுவந்தார்கள். எவர்ட்டன் கிளப்பின் உமர் நியாஸ் அந்த ஆண்டே மாட்டினார். 2018 உலகக் கோப்பையில் கோஸ்டா ரிகாவுக்கு எதிராகப் பிரேசிலின் நெய்மார் விழுந்து வாங்கிய பெனால்டியை, வீடியோவைப் பார்த்துவிட்டு நடுவரே ரத்து செய்தார்.

நம் மைதானத்தில் வீடியோ கிடையாது, நடுவரின் கண்தான். அது அவ்வளவு எளிதில் ஏமாறாது. உண்மையில் தடுக்கி விழுபவனின் கைகள் தரையைத் தேடி முன்னால் போகும். நடிப்பவன் இரண்டு கையையும் மேலே தூக்கி, நெஞ்சை முன்தள்ளி, முழங்காலைப் பின்னால் மடக்கி விழுகிறான். அதுவும் இடித்த கணத்தில் விழாமல் ஒரு அடி எடுத்து வைத்த பிறகு. கால்பந்து விதி 12இன்படி இதற்கு மஞ்சள் அட்டை, அதாவது எச்சரிக்கை. ஒரே ஆட்டத்தில் ஒருவனே இரண்டு மஞ்சள் வாங்கினால் அவன் வெளியேற வேண்டும், மீதி ஆட்டம் பத்துப் பேரோடுதான். அதைவிடப் பெரிய நஷ்டம், ‘இவன் நடிகன்’ என்று நடுவர் மனதில் பதிந்துவிட்டால் நிஜமான ஃபவுலுக்கும் விசில் வராது.

இனி எழுதப்போவது எழுதக் கூச்சமாக இருக்கிறது. “படுத்துக்கடா”, “எந்திரிக்காத” என்று கோட்டுக்கு வெளியே இருந்து குரல் கொடுத்தவர்கள் மாணவர்கள் அல்ல. ஆர்வத்தில் வந்த வார்த்தைகள் என்பது புரிகிறது. எல்லாப் பெற்றோரும் அப்படி இல்லை என்பதும் தெரியும். இருந்தாலும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அடுத்த ஆட்டத்திலிருந்து அப்படிக் கத்துபவர் யாராக இருந்தாலும், அணித்தலைவனின் தந்தையாகவே இருந்தாலும், உடற்கல்வி ஆசிரியர் அவரை மைதானத்தை விட்டு வெளியேறச் சொல்வார். மறுத்தால் அவருடைய பிள்ளை அன்று ஆடமாட்டான்.

பிள்ளைகளுக்கும் ஒரு விதி வைத்திருக்கிறோம். தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் அது தலைக்காயம்தான் என்று எடுத்துக்கொண்டு மாற்று ஆட்டக்காரரை இறக்குவோம். விழுந்தவருக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. இதற்குப் பயந்து உண்மையான அடியை ஒருவன் மறைக்கக்கூடும் என்பதால், தலையில் மோதியதை ஆசிரியர் பார்த்தால், பையன் “ஒண்ணுமில்ல சார்” என்றாலும் வெளியேதான். வீட்டுக்கு வந்த பிறகு வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சில் குழப்பம், எழுப்பச் சிரமமான தூக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கணுக்கால் பிசகினால் தைலம் தேய்த்து நீவவோ சுளுக்கு எடுக்கவோ வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். காலை ஊன்றி நான்கு அடி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே அவசியம். ஷின் கார்டு (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் அணியும் காப்பு) இல்லாதவரை ஆட்டத்தில் சேர்க்க முடியாது. சாக்ஸுக்குள் அட்டையை மடித்து வைத்து அனுப்பாதீர்கள்.

வெயிலில் நின்று இரு அணிக்கும் மோர் கொடுத்தவர்களுக்கும், வேன் ஏற்பாடு செய்தவர்களுக்கும், தோற்ற அன்று எதிரணிப் பிள்ளைகளின் கையைக் குலுக்கிவிட்டு வந்த பெற்றோர்களுக்கும் மனமார்ந்த நன்றி. விடுமுறை முடிந்ததும் சனிக்கிழமைப் பயிற்சி வழக்கம்போல் காலை 6 மணிக்குத் தொடங்கும். தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்