முருங்கையிலைத் தேநீரும் மும்பை மழையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் முருங்கையிலைத் தேநீர் பற்றி வந்த குறிப்பில், இலையை வெயிலில் உலர்த்திப் பொடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. வெயிலில் காய்ந்தால் இலை பச்சை மங்கிப் பழுப்பேறுவதோடு, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் என்ற சத்தும் பெருமளவு வீணாகிவிடும் என்பதால், நிழலில் நல்ல காற்றோட்டத்தில் உலர்த்துவதே சரியான முறை.

மும்பையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சென்ற ஜூலையில் மாட்டுங்கா கடைத்தெருவிலிருந்து இரண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கிவந்து, செம்பூரில் எங்கள் வீட்டு கேலரியில் பழைய வேட்டியை விரித்துப் பரப்பினேன். ஐந்து நாளாகியும் இலை துவண்டே கிடந்தது. பொறுமையிழந்து அப்படியே பொடித்துப் பாட்டிலில் அடைத்தேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்தால் குப்பென்று பூஞ்சை நாற்றம். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது என்று அன்றுதான் புரிந்தது. டிசம்பரிலும் ஜனவரியிலும் மின்விசிறிக் காற்றிலேயே மூன்று நான்கு நாளில் இலை உலர்ந்துவிடுகிறது.

கீரையை ஆய்வதற்கு என் மாமியார் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று உண்டு. கொத்தோடு அலசி, நீர் வடிந்தபின் துணியில் சுற்றி இரவு முழுவதும் வைத்துவிட்டுக் காலையில் உதறினால், பெரும்பாலான இலைகள் தாமாகவே உதிர்ந்துவிடும். காம்பில் ஈரம் தங்கும் என்பதால், மீந்த காம்புகளைப் பார்த்துப் பொறுக்கிவிட வேண்டும். உலர்ந்த இலையைக் கையில் எடுத்து நெரித்தால் அப்பளம்போல் நொறுங்க வேண்டும். வளைந்துகொடுத்தால் இன்னும் ஒரு நாள் விட வேண்டும்.

தேநீர் போடுவது எளிது. 200 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்து, ஒரு சிறு கரண்டிப் பொடியைப் போட்டு ஐந்து நிமிடம் மூடிவைத்தால் போதும். பொடியைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் கசப்பு ஏறும். சற்று ஆறியபின் எலுமிச்சம்பழம் பிழியலாம். இலையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க அது உதவும். வடிகட்டுவதைவிட, அடியில் தங்கும் பொடியையும் கலக்கிக் குடித்துவிடுவது நல்லது.

அந்தக் குறிப்பில் நான் ஏற்க முடியாதது, இத்தேநீரை இரத்தசோகைக்கு மருந்தாகச் சொன்னதுதான். 100 கிராம் பச்சைக் கீரையில் ஏறத்தாழ 4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு கோப்பைக்குப் போடும் இரண்டு கிராம் பொடி ஏறக்குறைய ஒன்பது கிராம் பச்சை இலைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், அதிலுள்ள இரும்பு அரை மில்லிகிராம்கூட இல்லை. வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவு. பீட்டா கரோட்டினோ கொழுப்பில் கரைவது, வெந்நீரில் இறங்காது. அதனால்தான் ஒரு கைப்பிடிப் பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்து நெய்யிலோ எண்ணெயிலோ வதக்கிய முருங்கைக்கீரைப் பொரியலைத் தேநீரைவிட மேலாகக் கருதுகிறேன். பொட்டலத்தில் அடைத்து விலையேற்றி விற்கும் பொடிகளின் மேலுறையில் இதையெல்லாம் எவரும் அச்சிடப்போவதில்லை.

தேநீர் வேண்டாம் என்பதல்ல என் கருத்து. பால் கலந்த மாலைக் காபிக்குப் பதிலாக நானே நாள்தோறும் அதைத்தான் குடிக்கிறேன். ஆனால், முருங்கையிலையில் இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே மிகுதி. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தினசரிப் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. இத்தகைய குறிப்புகளை அடுத்த முறை வெளியிடும்போது இந்த எச்சரிக்கையையும் ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை.