மொத்தச் சந்தை விலை மின்சாரத்துக்கு மாறுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கு சிட்னியில் நம்மவர் கூடும் இடங்களில், கோயில் மண்டபமானாலும் தமிழ்ப் பள்ளி வாசலானாலும், அண்மைக் காலமாக மின்கட்டணப் பேச்சு அதிகமாகக் காதில் விழுகிறது. மொத்தச் சந்தை விலைக்கே, அதாவது மின் நிறுவனங்கள் உற்பத்தியாளரிடம் வாங்கும் விலைக்கே, வீட்டுக்கு மின்சாரம் தரும் நிறுவனத்துக்கு மாறிவிட்டதாகவும், பில் பாதியாகக் குறைந்துவிட்டதாகவும் ஒருவர் சொல்கிறார். கேட்டவர் அன்றிரவே கைப்பேசியில் படிவத்தை நிரப்பித் தானும் மாறிவிடுகிறார். சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் வீட்டுக் கூரையில் சோலார் இருக்கிறது, கராஜில் பேட்டரி இருக்கிறது, வாசலில் மின்சாரக் கார் நிற்கிறது. கேட்டவரோ வாடகை வீட்டில் குடியிருந்து, பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகளோடு வீடு திரும்புகிறவர். ஒருவருக்கு இலாபமாக முடிந்த அதே திட்டம் மற்றவருக்குச் சுமையாக முடியலாம் என்பது அந்தப் பேச்சில் வருவதே இல்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குவீன்ஸ்லாந்திலிருந்து தாஸ்மேனியா வரை ஆஸ்திரேலியாவின் கிழக்கு, தெற்கு மாநிலங்களை இணைக்கும் தேசிய மின்சந்தை 1998 டிசம்பரில் தொடங்கியது. இதில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை விலை நிர்ணயமாகிறது. 2021 அக்டோபர் முதல் கணக்குத் தீர்ப்பதும் ஐந்து நிமிட அடிப்படையில்தான். அந்த விலைக்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் உண்டு. 2024-25 நிதியாண்டில் மேல்வரம்பு ஒரு மெகாவாட் மணிக்கு 17,500 டாலர். நாம் பில்லில் பார்க்கும் யூனிட் கணக்கில் (ஒரு மெகாவாட் மணி என்பது ஆயிரம் யூனிட்) சொன்னால் ஒரு யூனிட்டுக்கு 17 டாலர் 50 சென்ட். கீழ்வரம்பு யூனிட்டுக்கு மைனஸ் ஒரு டாலர். அதாவது மின்சாரம் மிகுந்துபோன நேரத்தில், அதை வாங்கிக்கொள்பவருக்கே பணம் கொடுக்க வேண்டிய நிலை சந்தையில் வருவதுண்டு. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே விலை நாள்தோறும் ஏறி இறங்குகிறது. வெயில் நன்றாக அடிக்கும் வசந்த கால நண்பகலில், இலட்சக்கணக்கான கூரைகளிலிருந்து வரும் சோலார் மின்சாரத்தால் பூச்சியத்துக்கும் கீழே போகிறது. சூரியன் சாய்ந்து, வீடுகளில் அடுப்பும் ஏசியும் ஒன்றாக ஓடத் தொடங்கும் மாலையில் ஏறுகிறது.

வழக்கமான மின் நிறுவனம் இந்த ஏற்ற இறக்கத்தை நம் கண்ணில் காட்டுவதில்லை. மின் உற்பத்தியாளரோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, சந்தை விலை எதுவானாலும் நமக்கு ஒரே கட்டணத்தில் தருகிறது. அந்தப் பாதுகாப்புக்கான விலையையும் தன் இலாபத்தையும் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகிறது. நம் ஊர்களில் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்கும் வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) விடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. குத்தகையில் மழை பொய்த்தாலும் பேசிய நெல் வந்து சேரும். வாரத்தில் விளைந்தால் விளைந்ததற்கு ஏற்ற பங்கு, காய்ந்தால் அந்த இழப்பிலும் பங்கு. மொத்தச் சந்தை விலை நிறுவனம் மாதச் சந்தாவாக ஒரு தொகையை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டு, சந்தையின் நன்மையையும் தீமையையும் சேர்த்தே நம்மிடம் ஒப்படைக்கிறது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. நாம் எதைக் கையேற்கிறோம் என்பது மட்டும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விளம்பரத்தைப் பார்ப்பவர்கள் பொதுவாகத் தவறவிடும் ஒன்று, பில்லில் சந்தை விலை ஒரு பகுதிதான் என்பது. கம்பிகளும் மின்கம்பங்களும் துணைமின் நிலையங்களும் வைத்துப் பராமரிக்கும் விநியோக நிறுவனத்தின் கட்டணம் (மேற்கு சிட்னியில் அது எண்டெவர் எனர்ஜி), மீட்டர் கட்டணம், தூய எரிசக்திச் சான்றிதழ்களுக்கான செலவு, பத்து விழுக்காடு ஜிஎஸ்டி ஆகிய அனைத்தும் எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் உண்டு. ஆகவே சந்தையில் விலை பூச்சியமானாலும் உங்கள் கைப்பேசியில் தெரியும் விலை பூச்சியமாகாது. இதைவிட முக்கியமானது, நேரத்துக்கு நேரம் மாறும் விநியோகக் கட்டணத்தில் உங்கள் வீடு இருந்தால் அந்தக் கட்டணமும் மாலையில்தான் உச்சத்தில் இருக்கும். சந்தை விலையும் விநியோகக் கட்டணமும் ஒரே நேரத்தில் ஏறி நிற்கும்போதுதான் பெரும்பாலான குடும்பங்கள் சமைக்கின்றன, குளிக்கின்றன, துணி துவைக்கின்றன.

மாறியவர்கள் சிலரின் வீட்டில் நான் பார்த்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். இட்லிக்கு மாவரைப்பதைச் சனிக்கிழமை நண்பகலுக்கு மாற்றிவிட்டதாகப் பெருமையோடு சொல்வார்கள்; ஆனால் சுடுதண்ணீர்த் தொட்டி மாலை ஏழு மணிக்கு ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக் கிரைண்டர் ஏறக்குறைய 150 வாட் இழுக்கிறது. முக்கால் மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. தொட்டியின் மின்கம்பிச் சுருளோ 3,600 வாட் இழுக்கக்கூடியது. மூன்று மணி நேரத்தில் பதினொரு யூனிட்டுக்கு அருகே போய்விடும். வீடு முழுவதையும் குளிர்விக்கும் டக்டட் ஏசி மணிக்கு நான்கு யூனிட் எடுத்தால், சந்தை மேல்வரம்பில் நிற்கும் ஒரு மணி நேரத்துக்கு அதற்கு மட்டும் 70 டாலர் ஆகிவிடும். ஒரு மணி நேரம் முழுவதும் மேல்வரம்பிலேயே நிற்பது அரிது என்பது உண்மைதான். ஆனால் அரிதாக வரும் அந்த ஒரு மாலை, பல வாரங்களில் சேர்த்த சேமிப்பைக் கொண்டுபோய்விடும். ஆகையால் இத்திட்டத்தில் சேர்பவர் முதலில் கவனிக்க வேண்டியவை தொட்டி, ஏசி, துணி உலர்த்தி, கார் ஆகிய நான்குமே. அவற்றை நேரம் மாற்றி ஓட்ட முடியாத வீட்டில் மிக்சியையும் கிரைண்டரையும் எண்ணிக்கொண்டிருப்பதால் பயன் இல்லை.

அரிதாக வருவது எப்படி இருக்கும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உள்ளன. 2022 ஜூன் மாதத்தில் நிலக்கரி மின்நிலையங்கள் பல பழுதாகி நிற்க, உக்ரைன் போரால் எரிபொருள் விலை ஏற, குளிரும் கூட, இந்நாட்டின் சந்தையே தடுமாறியது. ஜூன் 15 அன்று சந்தை நிர்வாக அமைப்பான ஏஇஎம்ஓ எல்லா மாநிலங்களிலும் சந்தையை நிறுத்திவைத்தது. 24ஆம் தேதிதான் அது வழக்க நிலைக்குத் திரும்பியது. 2024 மே மாதத்தில் நியூ சவுத் வேல்ஸில் மட்டும் விலை தொடர்ந்து உயர்ந்து, திரண்ட விலை வரம்பை (ஏழு நாள் விலைகளின் கூட்டுத்தொகைக்கு வைத்த எல்லையை) தாண்டியதால், மெகாவாட் மணிக்கு 600 டாலர் என்ற கட்டுப்பாட்டு விலை அமலுக்கு வந்தது. இப்படி ஒரு காப்பு நம் சந்தையில் இருப்பது நல்லதே. ஆயினும் அது அமலுக்கு வருவதற்குள் பல மணி நேரம் விலை உச்சத்தில் இருந்தாக வேண்டும் என்பதையும், 600 டாலர் என்றால் யூனிட்டுக்கு 60 சென்ட், அதன்மேல் மற்றக் கட்டணங்களும் சேரும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இதைவிடக் கடுமையான பாடம் அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்தது. கிரிடி என்ற நிறுவனம் மாதம் 9.99 டாலர் சந்தாவுக்கு வீடுகளுக்கு மொத்தச் சந்தை விலையில் மின்சாரம் கொடுத்தது. 2021 பிப்ரவரியில் பனிப்புயல் வந்து மின்நிலையங்கள் உறைந்து நின்றபோது, அங்கு விலை மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சத்திலேயே ஏறக்குறைய நான்கு நாள்கள் வைக்கப்பட்டிருந்தது. புயலுக்கு முன்பே தன் 29,000 வாடிக்கையாளரையும் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுமாறு கிரிடி கேட்டுக்கொண்டது. ஆனால் அந்த வார இறுதியில் புதிதாக ஆள் சேர்த்துக்கொள்ளப் பல நிறுவனங்கள் தயாராக இல்லை. ஆயிரக்கணக்கான டாலர் பில்கள் வந்தன. மார்ச்சில் நிறுவனம் திவாலானது. அதே ஆண்டில் வீடுகளுக்கு இத்தகைய திட்டங்களை விற்பதையே டெக்சாஸ் சட்டமன்றம் தடைசெய்தது. எந்த நேரத்திலும் விலகலாம், அபராதம் இல்லை என்று இங்கே சொல்லப்படும்போது எனக்கு நினைவுக்கு வருவது இதுதான். விலகுவதற்கான உரிமை தாளில் இருப்பது வேறு, எல்லோரும் ஒரே நேரத்தில் விலக முயலும் வாரத்தில் அது கைகொடுப்பது வேறு.

நிலையான கட்டணம் முழுப் பாதுகாப்பு என்றும் நான் சொல்ல வரவில்லை. 2022இல் ரீஆம்ப்டு எனர்ஜி என்ற நிறுவனம், மொத்தச் சந்தை விலைத் திட்டம் விற்காத நிறுவனமாக இருந்தும், தன் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பாகப் போகிறது, வேறிடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளரிடமே சொல்லியது. ஆனால் அத்தகைய உயர்வு அறிவிப்போடு வருகிறது. ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

பேட்டரி உள்ளவர்களுக்கு இத்திட்டம் உண்மையாகவே நல்லது என்பது என் கருத்து. 2025 ஜூலை 1 முதல் மத்திய அரசு வீட்டு பேட்டரிக்கு ஏறக்குறைய முப்பது விழுக்காடு விலைச் சலுகை தருவதால் நம்மவர் பலர் பேட்டரி வைத்துவருகிறார்கள். நண்பகலில் மலிவாக நிரப்பி, மாலையில் வீட்டுக்குப் பயன்படுத்தி, விலை உச்சத்தில் நிற்கும் அரை மணி நேரத்தில் மிச்சத்தை விற்க முடிந்தால், முன் சொன்ன அதே மேல்வரம்பு இவர்களுக்கு வருமானமாகிறது. இவ்வீடுகள் மாலைச் சுமையைக் குறைப்பதால் மின்தொகுப்புக்கும், ஆக எல்லோருக்கும் நன்மை. சோலார் மட்டும் இருந்து பேட்டரி இல்லாதவர் நிலை வேறு: அவர் மின்சாரம் விற்கும் நண்பகலில்தான் விலை மைனஸில் இருக்கிறது. அந்நேரத்தில் வெளியே அனுப்புவதை, சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாக நிறுத்தாவிட்டால், தன் கூரையில் விளைந்த மின்சாரத்தை அனுப்பியதற்குத் தானே பணம் கட்ட வேண்டியிருக்கும். மாறும் முன் இன்வெர்ட்டர் அந்த வசதியை ஏற்குமா என்று பொருத்தியவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

என் மனத்தை உறுத்துவது வயதானவர்களின் நிலை. மேற்கு சிட்னியின் டூங்காபியில் எனக்குத் தெரிந்த முதிய தம்பதியரை மகன் நல்ல எண்ணத்தோடு இத்திட்டத்தில் சேர்த்துவிட்டு, நேரத்துக்கு நேரம் விலையைக் காட்டும் செயலியையும் அம்மாவின் கைப்பேசியில் போட்டுக் கொடுத்திருந்தார். கடும் வெயில் நாளின் மாலையில் நான் போனபோது வீட்டில் ஏசி ஓடவில்லை. ஜன்னல்கள் அடைத்துக் கிடந்தன, அய்யா ஈரத்துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்திருந்தார். "போன்ல சிவப்பா காட்டுது தம்பி, அது இறங்கட்டும்னு இருக்கோம்" என்றார் அம்மா. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 பாகை பதிவான பகுதி இது. இங்கே ஏசி தேவைப்படும் நேரமும் விலை ஏறும் நேரமும் ஒன்றுதான். பத்து டாலரைக் காப்பாற்ற எண்பது வயதில் ஒருவர் வெப்பத்தில் உட்கார்ந்திருக்கும் நிலையை எந்தக் கட்டணத் திட்டமும் உண்டாக்கக் கூடாது. பெற்றோருக்காக முடிவெடுக்கும் பிள்ளைகள், ஆக்சிஜன் கருவி போன்றவற்றை வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள் ஆகியோர் நிலையான கட்டணத்திலேயே இருப்பது நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு வேண்டுகோள்களை வைக்க விரும்புகிறேன். முதலாவது ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு. மொத்தச் சந்தை விலைத் திட்டத்தை விற்கும் நிறுவனம் ஆண்டுச் சராசரியை மட்டும் காட்டினால் போதாது. அதே வீடு 2022 ஜூன் மாதத்திலும் 2024 மே மாதத்திலும் எவ்வளவு கட்டியிருக்கும் என்பதையும் அதே எழுத்தளவில் காட்ட வேண்டும் என்று விதிக்க வேண்டும். ஆண்டுச் செலவு ஒரு வரம்பைத் தாண்டாது என்று ஒரு நிறுவனம் உறுதி தந்தால், விலை உச்சத்துக்குப் போன மாதத்தின் பில்லை முதலில் யார் கட்டுவது, மிகைத்தொகை எப்போது திரும்ப வரும் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது நம்மவர்க்கு. பரிந்துரைக் குறியீட்டைப் பகிர்ந்து சலுகை பெறுகிறவர்கள், தம் வீட்டில் பேட்டரி இருப்பதையும் சலுகை வருவதையும் சேர்த்தே சொல்லுங்கள். கேட்பவர்கள், உங்கள் மீட்டரின் ஓராண்டுப் பயன்பாட்டு விவரத்தை வாங்கி, மாலை நான்கு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் இடையே எவ்வளவு போகிறது என்று பாருங்கள். பிறகு அரசின் எனர்ஜி மேட் ஈசி தளத்தில் நிலையான கட்டணங்களோடு ஒப்பிடுங்கள். 2026 ஜூலை முதல் நியூ சவுத் வேல்ஸ் உள்ளிட்ட பகுதிகளில் நண்பகலில் மூன்று மணி நேரம் இலவச மின்சாரம் தரும் திட்டத்தையும் மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் (பயன்பாட்டை நேரவாரியாகப் பதியும் மீட்டர்) உள்ள வாடகைதாரருக்கும் இது கிடைக்கும் என்பதால், பேட்டரி இல்லாத பலருக்கு சந்தை ஆபத்தைத் தோளில் ஏற்றாமலே நண்பகல் மலிவின் பயன் இதில் கிடைக்கக்கூடும். இத்திட்டத்தின் விவரங்களைத் தமிழில் எளிய அட்டவணையாகத் தாங்கள் வெளியிட்டால், ஆங்கிலப் பில்லைப் படிக்கப் பிள்ளைகளை எதிர்பார்த்திருக்கும் பெரியவர்கள் தாமே பார்த்து முடிவெடுக்க முடியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வென்ட்வொர்த்வில், சிட்னி