ஆண்டுக் கூட்டம் நடந்தேறியது: தேனி மாவட்ட ரயில் பயணிகளுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

நடக்குமோ நடக்காதோ என்று கடைசி இரவு வரை எல்லாரையும் தவிக்க வைத்த கூட்டம் நல்லபடியாக நடந்துவிட்டது. பட்ட பாடு உங்களுக்கே தெரியும். மண்டபம் இல்லையென்று ஆனதும் தன் நெல் களத்தைத் திறந்துவிட்ட பெரியவர், பந்தல் போட்டவர்கள், நாற்காலி சுமந்த கல்லூரிப் பிள்ளைகள், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, போடியிலிருந்து வந்தவர்கள், இன்னும் தண்டவாளமே எட்டிப்பார்க்காத கம்பத்திலிருந்து பஸ் ஏறி வந்த விவசாயிகள் எல்லாருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. திண்டுக்கல்–லோயர்கேம்ப் ரயில் பாதைக்கான உங்கள் கோரிக்கை எங்களுடையதும்தான்.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய பஸ் நிலையத்துக்கு அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா அவர். கணினி பழுதாகி, ரயில்வேயின் மதுரைக் கோட்ட மேலாளருக்கான மனு மொத்தமும் அழிந்த அந்த இரவில், கையெழுத்துப் பிரதியோடு போய் நின்றோம். பாதி இறக்கிய ஷட்டரை மறுபடி ஏற்றினார். "படியுங்கள், அடிக்கிறேன்" என்றார்.

நம் முதல் கோரிக்கை எதுவென்று உங்களுக்குத் தெரியும். மதுரை–போடி வண்டி விட்ட நாளிலிருந்து காலையில் மதுரையில் கிளம்பி இங்கே வருகிறது, மாலையில் மதுரைக்குத் திரும்புகிறது. காலையில் மதுரை போய் வேலை முடித்து இரவு வீடு சேர வேண்டிய நமக்கு இந்த நேரம் தலைகீழ். போடியிலிருந்து விடிகாலை வண்டி வேண்டும் என்ற அந்தப் பத்தியில், மாணவர்கள், வேலைக்குச் செல்வோர், வியாபாரிகள் என்று அடித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "சார், பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்களையும் சேர்க்கட்டுமா? ஓ.பி. சீட்டு காலையில்தானே கொடுக்கிறார்கள். அம்மாவை இருட்டோடு பஸ்ஸில் உட்கார வைத்து, வழியெல்லாம் வாந்தியைப் பிடித்துக்கொண்டு போகிறேன்."

சேர்த்தார். கூட்டத்தில் அந்த வரியை வாசித்தபோதுதான் பெண்கள் பக்கமிருந்து முதல் கைதட்டல் வந்தது. பணம் வாங்க மறுத்துவிட்டார். கடையில் ஒட்ட ஒரு பிரதி மட்டும் கேட்டார்.

பாதையை அகலப்படுத்துவதற்காக 2010 இறுதியில் பழைய மீட்டர்கேஜ் (குறுகிய தண்டவாள) வண்டி நின்றபோது கைக்குழந்தையாக இருந்தவர்கள், 2023 ஜூனில் போடிக்கு அகலப்பாதை வண்டி வந்தபோது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். 90 கிலோமீட்டர் பாதைக்கு அவ்வளவு காலம் பொறுத்த ஊர் இது. ஒரு விடிகாலை வண்டிக்கும் அப்படிக் காத்திருக்க நாங்கள் தயாராக இல்லை. அது கிளம்பும் வரை ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் முதல் தீர்மானம் இதுவே. அதில் அந்த அக்காவின் வரி அப்படியே இருக்கும்.

கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காகக் கையெழுத்து ஏடு அவர் கடையிலேயே இருக்கிறது. மனுவைக் கொடுக்க மதுரை கிளம்பும் முன் வந்து கையெழுத்திடுங்கள்.