நம்ம ஓடைக்கரைய பத்தி மகனுக்கு

மகன், சாப்பிட்டியா? போன்ல பேசினா அவசரத்துல வச்சிருவ, அதான் எழுதுறேன்.

தங்கச்சி ஞாயித்துக்கிழமையானா ஓடைக்கு போயிருதுன்னு சொன்னேன்ல, ஓஎல் பரீட்சை வருசத்துல இது என்ன வேலைன்னு ஏசினேன். போன கிழமை கோவத்துல கூட்டிட்டு வரத்தான் எறங்கினேன், தண்ணி புடிக்கிற பீலிக்கு கீழ நீங்கெல்லாம் நண்டு புடிப்பீங்களே அந்த எடம், பதினஞ்சு பதினாறு வயசு புள்ளைங்க இருவது பேர் முழங்கால் சேத்துல நின்னு காட்டு சூரியகாந்திய வேரோட புடுங்குதுங்க. பூ அழகாத்தானே இருக்குன்னு கேட்டேன். அது மெக்சிகோ பக்கத்து செடியாம், வெள்ளைக்காரன் காலத்துல வந்ததாம், வேற ஒன்னையும் தலைதூக்க விடாதாம். வெட்டிப்போட்ட தண்டு கூட ஈரத்துல திரும்ப வேர் புடிச்சிரும்னு எல்லாத்தையும் கட்டி மேல சுமக்குதுங்க மகன், தேயிலை கொழுந்து மூட்டை மாதிரி.

அந்த எடத்துல காட்டு நாவல், காட்டு சண்பகம் வைக்கிறாங்க, நம்ம லய வீட்டுக்கு பின்னால அவங்களே நாத்துமேடை போட்டு வளத்த கன்னு. மரப்பன்னத்த, அதான் மரம் மாதிரி நிக்கிற பெரணிய, நடல, சுத்தி துப்புரவு பண்ணி நிழலும் ஈரமும் குடுத்தா அதுவா வருமாம். கரையில நிழல் இருந்தாத்தான் தண்ணி குளிரா இருக்கும், விழுற எலைய பூச்சி திங்கும், பூச்சிய மீன் திங்கும்னு தங்கச்சி டீச்சர் மாதிரி சொல்லுது. நீ புடிச்ச நண்டு இருக்கே, இலங்கையில ஆத்து நண்டு 50 வகைக்கு கிட்ட இருக்காம், கிட்டத்தட்ட எல்லாமே உலகத்துல வேற எங்கயும் கெடையாதாம். நாம அத ரசம் வச்சோம்.

வெள்ளைக்காரன் கோப்பி வச்ச காலத்துலயே மொட்டையாக ஆரம்பிச்ச இந்த மலையெல்லாம், 1867ல கண்டிப்பக்கம் லூல்கந்துர தோட்டத்துல தேயிலை வச்சதுக்கப்புறம் இன்னும் மொட்டையாச்சு, காட்டை அழிச்ச வேலையில நம்ம பூட்டன் கையும் இருக்கும். நான் முப்பது வருசம் கொழுந்து எடுத்திருக்கேன், ஒரு காட்டு மரம் நட்டதில்ல. அன்னைக்கு தங்கச்சி மண்ணு கிண்டுற முள்ளை கையில குடுத்துச்சு, ரெண்டு நாவல் வச்சேன், வரும்போது அழுகை வந்துருச்சு, ஏன்னு கேக்காத.

மழை புடிச்சிருச்சு, கன்னு வைக்க இதுதான் நேரம், ஆனா அட்டை கடி தாங்கல, பாதி புள்ளைங்க வெறுங்கால். கொழும்புல வெல கொறச்சலா பூட்ஸ் கெடைச்சா ஒரு பத்து ஜோடி பாத்து வாங்கு, சைஸ் தங்கச்சி அனுப்பும். ரெண்டு கன்னுல ஒன்னுக்கு உன் பேர்தான், லீவுல வந்து பாரு.

அம்மா