மிரர் வாங்கிவிட்டேன்

அன்புள்ள ரோஸ்லினுக்கு,

இத்தனை மாதம் எழுதாததற்கு நீ திட்டப்போகிற திட்டையெல்லாம் நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். அவருக்கு முட்டுவலி தேவலை. உன் தம்பி கல்யாணக் கதையெல்லாம் அம்மா சொல்லிவிட்டாள். பச்சைச் சேலைக்காரி இந்தத் தடவையும் முதல் பந்தியில்தானாமே!

விஷயத்துக்கு வருகிறேன். படகு வாங்கிவிட்டேன் ஏட்டி. சொந்தப் படகு. மிரர் என்கிற ரகம், சிவப்புப் பாய்.

யார்க்ஷயரில் எங்கள் வீட்டுப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் ஒரு சின்னப் பாய்மரக் கிளப் இருக்கிறதென்று சொன்னேனே, அங்கே எந்தப் படகு வாங்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். லேசர் வாங்கு என்றார் ஒருவர். இப்போது அதற்கு இல்கா என்று பெயர். நாலே கால் மீட்டர் நீளம், தனி ஆள் ஓட்டுவது, ஒலிம்பிக்கில் ஓடுவது. இன்னொருத்தி ஏரோ என்கிற தன் படகில் என்னை ஏற்றிவிட்டாள். வெறும் படகு 30 கிலோதான், காற்று தொட்டதும் பறக்கிறது. கரைக்கு வந்த பிறகும் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் எங்கள் கிளப்பில் ஏரோ அது ஒன்றுதான். அவள் யாரோடு பந்தயம் ஓடுவாள்? வேறு வேறு ரகப் படகுகள் சேர்ந்து ஓடினால் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு எண் உண்டு, மெதுவான ரகத்துக்குப் பெரிய எண். லேசருக்குச் சுமார் 1100, மிரருக்குச் சுமார் 1390. ஓடிய நேரத்தை அந்த எண்ணால் வகுத்துத்தான் வென்றது யாரென்று சொல்வார்கள். தண்ணீரில் முதலாவதாக வந்தவள் டீ குடிக்கும்போது நாலாவது ஆகிவிடுவாள். எனக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்தில் வருகிறவனிடமும் அதே நீளம், அதே பாய் இருக்க வேண்டும். அப்போதுதான் அவன் முந்தினால் எதனால் முந்தினான் என்று கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும். அதனால் நல்ல படகு எதுவென்று தேடுவதை விட்டுவிட்டு, கூட்டம் எதில் இருக்கிறதென்று பார்த்தேன். எங்கள் கிளப்பில் கூட்டம் மிரரில்.

அந்தப் படகின் கதை உனக்குப் பிடிக்கும். 1960களின் தொடக்கத்தில் ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், வீட்டு மராமத்து வேலைகளை டிவியில் சொல்லிக்கொடுத்த பாரி பக்னெல்லும் சேர்ந்து செய்தது. டெய்லி மிரர் பத்திரிகை ஆதரவு கொடுத்ததால் அந்தப் பெயர். ஒட்டுப்பலகையில் ஓட்டை போட்டு, செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடி நார்ப் பட்டையும் பிசினும் வைத்து வீட்டிலேயே கட்டிவிடலாம். சாதாரண சம்பளக்காரனும் படகு வைத்துக்கொள்ளட்டும் என்பதுதான் யோசனை. 70,000-க்கு மேல் கட்டியிருக்கிறார்கள். மெட்ராஸ் அலையைத் தாண்ட மசூலாப் படகைக் கயிற்றால் தைத்தார்களே, அந்த ஞாபகம்தான் எனக்கு வந்தது. 3.3 மீட்டர்தான், முன்பக்கம் மழுங்கல். பாய்மரமும், பாயைத் தாங்கும் கழியான பருமலும் படகுக்குள்ளேயே அடங்கிவிடும், கார் கூரையில் கட்டிக்கொண்டு போகலாம். ஒரு பெரியவர், ஒரு பிள்ளை ஏறினால் கணக்குச் சரி. கயலுக்குப் பதினொன்று நடக்கிறது.

போன ஞாயிறு நடந்ததைக் கேள். (காலைப் பூசைக்குப் போய்விட்டுத்தான் வந்தோம், நீ கேட்பாயென்று தெரியும்.) ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு ஊதல், கொடி ஏறும். நாலில் இன்னொரு கொடி, ஒன்றில் அது இறங்கும், பிறகு ஓட்டம். அதுவரை எல்லாரும் கோட்டுக்குப் பின்னால் இடத்துக்கு முட்டிமோதிக்கொண்டு நிற்போம். வலப்பக்கம் காற்று வாங்கி வருகிறவருக்கு மற்றவர் வழி விட வேண்டும், அந்த ஒரு விதியை வைத்தே பாதிச் சண்டை. குன்றிலிருந்து இறங்குகிற காற்று நிமிடத்துக்கொரு திசை. கயல் படகின் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, கறுப்பு வருது!" உங்கள் அப்பா தோணியில் நின்றுகொண்டு நமக்குக் காட்டிக்கொடுத்தது அதுதானே, தண்ணீர் கறுத்தால் பின்னாலேயே காற்று வருமென்று. நாங்கள் அந்தக் கறுப்புக்குள் முதலில் போய் நுழைந்தோம். கடைசி மிதவை வரை முன்னால் இருந்தோம். எழுபது தாண்டிய ஒரு தாத்தாவும் அவர் பேத்தியும் அரைப் படகு நீளத்தில் முந்திவிட்டார்கள். கரைக்கு வந்ததும் அவரே நடந்து வந்து, காற்று செத்த இடத்தில் பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறான தாமானை ஒரு சாண் தளர்த்தியதைக் கயலுக்குக் கையில் பிடித்துக் காட்டினார். தோற்கடித்தவர் வந்து தன் வித்தையைச் சொல்லிக்கொடுக்கிற இடம் வேறெங்கே இருக்கிறது, சொல்?

இதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. கிளப்பின் மிரர்களை விற்றுவிட்டு ஃபேவா என்கிற பிளாஸ்டிக் படகுகளைப் பிள்ளைகளுக்கு வாங்கலாம் என்கிறார்கள் சிலர். அவர்கள் பேச்சிலும் நியாயம் உண்டு. மரப்படகுக்கு வார்னிஷ் வேண்டும், மோதினால் உடையும், பிள்ளைகள் வேகம் கேட்கிறார்கள். ஆனால் எங்களிடம் இருக்கிற தாத்தாக்களும் அம்மாக்களும் ஃபேவாவுக்கு மாற மாட்டார்கள். பிள்ளைகள் தனி, பெரியவர்கள் தனி என்று ஆகிவிடும். கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொன்னேன், குரல் உயர்ந்துதான் போனது. இலையுதிர் காலப் பொதுக்கூட்டத்தில் முடிவாகும். அதுவரை எனக்குத் தூக்கமில்லை.

ரோஸ்லின், ஒன்று மனதில் கிடக்கிறது. கொண்டல் காற்று எப்போது திரும்பும் என்று உன் அண்ணன்மாரைவிட உனக்குத்தான் தெரியும். ஆனாலும் தோணி ஓட்டுகிற தண்டலின் மகளாகப் பிறந்த உன்னைக் கரையில்தான் நிறுத்திவைத்தார்கள். சென்னைப் பெண் நேத்ரா குமணன் லேசர் ரேடியல் ரகப் படகில் டோக்கியோ ஒலிம்பிக் போனாள், பாரிசுக்கும் போனாள். இந்தியாவிலிருந்து பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் பெண் அவள்தான். அவளை டிவியில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது, உன்னை நினைத்துத்தான்.

அடுத்த வருஷம் ஜூனில் வா. மாதா திருவிழாவுக்குள் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். சுக்கான் உன் கையில், தாமான் கயல் கையில், நான் கரையில் நின்று கத்துகிறேன். விசாவுக்கு அழைப்புக் கடிதம் எழுத உன் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி பெயரும் எண்ணும் வேண்டும், உடனே அனுப்பு. வரும்போது மக்ரூன் இரண்டு கிலோ. தாத்தாவுக்கும் ஒரு பங்கு கொடுப்பதாகக் கயல் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

உன்
செல்வி